ஏரியை அளக்காமல் வழக்குப் போடாதீர்கள்

பெங்களூருவின் கிழக்கே, கே.ஆர்.புரத்தைத் தாண்டிய ஒரு பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் ஏரியின் பெயரையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இருபது வருடங்களுக்கு மேலாக அந்த ஏரிக்கரையில்தான் அவருக்குக் காலை நடை. இரண்டரை வருடங்களுக்கு முன்பு ஒரு அடுக்குமாடி நிறுவனம் ஏரிக்குள் மண் கொட்டி, காம்பவுண்டு சுவர் எழுப்பி, வரத்துக் கால்வாயான ராஜகாலுவேயைக் குறுக்கிவிட்டது. இப்போதும் இரவில் லாரி லாரியாகக் கட்டட இடிபாடு வந்து விழுகிறது. மாநகராட்சி ஒருமுறை நோட்டீஸ் கொடுத்தது. நிறுவனம் சிவில் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டது. அதோடு எல்லாம் நின்றுபோனது. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் இவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கிறது. சுவரும் சேர்ந்துவிட்டதால் அடுத்த பெருமழையை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்கிறார்.

ஏரியின் மறுகரையில் தகர ஷெட் போட்டு முப்பது குடும்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். இவர் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் குடும்பமும் அதில் ஒன்று. "வழக்குப் போட்டால் அவர்களையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். வேலூரில் இருக்கும் கொழுந்தனார், "2007-லேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டது, தாசில்தாரிடம் மனு கொடுத்தால் போதும்" என்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரரோ, "உங்கள் வீடே ஏரி பஃபரில் (ஏரியைச் சுற்றிக் கட்டடக் கட்டுப்பாடுள்ள இடைவெளியில்) தான் இருக்கிறது, வாயைத் திறக்காதீர்கள்" என்று பயமுறுத்துகிறாராம். பசுமைத் தீர்ப்பாயம் போனால் ஆறு மாதத்தில் சுவரை இடித்துவிடுவார்களா, எத்தனை லட்சம் செலவாகும், அமைதியாக இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, அமைதியாக இருந்துவிட வேண்டாம். ஆனால் நாளைக்கே வழக்கும் போட வேண்டாம். முதலில் அந்த ஏரிக்கு எல்லை எது என்பதை ஒரு அரசு சர்வேயர் அளந்து, வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஏரி வழக்குகள் பெரும்பாலும் அந்த ஒரு தாளில்தான் ஜெயிக்கின்றன. அது இல்லாததால் தோற்றவையும் நிறைய.

உங்கள் கொழுந்தனார் சொன்ன சட்டம் உண்மையில் இருக்கிறது. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007. ஆனால் அது தமிழ்நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகிறது. கர்நாடகாவில் வேறு கருவிகள் இருக்கின்றன, அவற்றில் சில அதைவிடக் கூர்மையானவை. கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964-இன் 67-ஆம் பிரிவு, வேறொருவருக்குச் சொந்தமென்று நிரூபிக்கப்படாத ஏரி, குளம், ஓடை எல்லாம் மாநில அரசின் சொத்து என்கிறது. 104-ஆம் பிரிவு, சட்டவிரோதமாக உட்கார்ந்திருப்பவரை நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றும் அதிகாரத்தை வருவாய்த்துறைக்குத் தருகிறது. 192-ஏ பிரிவின்படி அரசு நிலத்தை ஆக்கிரமிப்பது குற்றம். இவற்றோடு 2011-ஆம் வருட நில அபகரிப்புத் தடைச் சட்டமும், அதற்கென்று பெங்களூருவிலேயே ஒரு சிறப்பு நீதிமன்றமும் இருக்கின்றன. ஏரிகளுக்கென்றே தனி ஆணையச் சட்டம் ஒன்றும் உண்டு.

அளவை எப்படிக் கேட்பது

உங்கள் ஏரியின் சர்வே நம்பரைக் கண்டுபிடியுங்கள். வருவாய்த்துறையின் 'திஷாங்க்' செயலியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு கரையில் நின்றால், நீங்கள் நிற்கும் இடத்தின் நம்பரைக் காட்டும். சுவருக்குப் பக்கத்தில் நின்றும் பாருங்கள். அது ஒரு வழிகாட்டி மட்டும்தான், நீதிமன்றத்தில் ஆதாரமாக நிற்காது. நம்பர் தெரிந்ததும் அதற்குரிய பஹணி (நில உரிமைப் பதிவேடு), கிராம வரைபடம், ஆகார்பந்து (பரப்பளவுப் பதிவேடு) மூன்றையும் வாங்குங்கள். பஹணியில் உரிமையாளர் இடத்தில் 'சர்க்காரி கெரே' (அரசு ஏரி) என்று இருக்கிறதா, மொத்தப் பரப்பு எத்தனை ஏக்கர் எத்தனை குண்டா (ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு) என்று பாருங்கள். ராஜகாலுவே பெரும்பாலும் தனி நம்பராக இருக்காது. தனியார் நிலங்களின் பஹணிக்குள்ளேயே 'பி-கராப்' என்ற பெயரில் சில குண்டாக்களாக ஒளிந்திருக்கும். நிலம் தனியார் பெயரில் இருந்தாலும் அந்த பி-கராப் துண்டு பொதுவுக்கு உரியது. அதை அவர் விற்கவும் முடியாது, அதன்மேல் கட்டவும் முடியாது.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. இந்த ஏரி இதற்கு முன் அளக்கப்பட்டதா, அளந்திருந்தால் வரைபட நகலையும் ஆக்கிரமிப்பாளர் பட்டியலையும் தருக என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். கர்நாடகாவில் ஒரு மனுவில் ஒரே விஷயத்தைத்தான் கேட்கலாம், அதுவும் 150 சொற்களுக்குள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வையுங்கள். மனதில் இருக்கும் ஆதங்கத்தையெல்லாம் அதில் கொட்டினால், விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

இதற்கு முன் அளந்ததில்லை என்று பதில் வந்தால், கூட்டு அளவை கேட்டுத் தாசில்தாருக்கும் நில ஆவண உதவி இயக்குநருக்கும் மனு கொடுங்கள். இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருங்கள். அளக்கும் தேதியை ஏரியைச் சுற்றியிருக்கும் எல்லா நிலக்காரர்களுக்கும் நோட்டீஸ் மூலம் தெரிவித்திருக்க வேண்டும். நிறுவனத்தின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் முதலில் கேட்கப் போவது "என் கட்சிக்காரருக்கு நோட்டீஸ் வந்ததா?" என்பதுதான். வரவில்லை என்றால் எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். மனுவிலேயே "சுற்று நிலக்காரர்களுக்கு முறைப்படி நோட்டீஸ் கொடுத்து" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அளக்கும் நாளன்று நீங்களும் நாலைந்து பேராகப் போய் நில்லுங்கள், அந்த இடத்திலேயே எழுதும் பதிவான மகஜரில் கையெழுத்துப் போடுங்கள். எந்தக் கல்லிலிருந்து சங்கிலியோ கருவியோ தொடங்கியது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய கல் தவறென்றால் கோடு முழுவதும் தவறு.

உங்கள் வீட்டைப் பற்றி

பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு விஷயங்களைக் குழப்புகிறார். ஏரி நிலத்தில் வீடு கட்டியிருப்பது வேறு, ஏரியைச் சுற்றிய இடைவெளிப் பகுதியில் வீடு இருப்பது வேறு. முதலாவது அரசு நிலத்தை ஆக்கிரமிப்பது. இரண்டாவதில் நிலம் உங்களுடையதுதான், கட்டுவதற்கு மட்டும் கட்டுப்பாடு. 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் பெங்களூரு ஏரிகளுக்கு 75 மீட்டர் இடைவெளி வைத்ததும் ஊரே பதறியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நகரத் திட்டத்தை மாற்றுவது தீர்ப்பாயத்தின் வேலை அல்ல என்றது. அதன்பின் பழைய திட்டத்தின் அளவே நின்றது: ஏரிக்கு 30 மீட்டர், ராஜகாலுவேக்கு அதன் தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர். இந்த அளவுகளை ஏரியின் பரப்புக்கேற்ப மாற்றும் திருத்தம் 2025-ல் சட்டமன்றத்துக்கு வந்தது. எனவே மனுத் தாக்கல் செய்யும் நாளில் எந்த அளவு நடைமுறையில் இருக்கிறதோ அதையே உங்கள் வழக்கறிஞர் எழுத வேண்டும்.

30 மீட்டர் விதி வந்த நகரத் திட்டம் 2007-ஆம் வருடத்தது. உங்கள் வீடு 2003-ல் பஞ்சாயத்து அனுமதியோடு கட்டப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகமான விஷயம். ஆனால் வீட்டில் பி-கட்டா (முழு அங்கீகாரம் பெறாத சொத்துகளுக்கான மாநகராட்சிப் பதிவு) இருக்கிறது, வருடாவருடம் வரி கட்டுகிறோம், கரண்ட் இணைப்பு இருக்கிறது என்பதையெல்லாம் மட்டும் நம்பி இருக்காதீர்கள். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. 2016 ஆகஸ்டில் ஆவணி சிருங்கேரி நகரில் ராஜகாலுவே மேல் இருப்பதாகச் சொல்லி இடிக்கப்பட்ட வீடுகளுக்கு அனுமதியும் கட்டாவும் வங்கிக் கடனும் இருந்தன. அரசே ஏரிகளை அழித்த ஊர் இது. தர்மாம்புதி ஏரியில் மெஜஸ்டிக் பேருந்து நிலையம், சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கம். அதனால் ஓர் அரசு அலுவலகம் அனுமதித்தது என்பது நிலம் சுத்தம் என்பதற்கு அத்தாட்சி இல்லை.

ஆகவே ஊர் ஏரியை அளக்கச் சொல்லும் முன் உங்கள் சைட்டின் சர்வே நம்பரை, கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தனியார் சர்வேயரிடம் காட்டினால் போதும். உங்கள் நம்பரும் ஏரி நம்பரும் வேறு வேறு என்று தெரிந்தால் நிம்மதியாக இருங்கள். ஒருவேளை ஓரமாக ஏறியிருந்தால், அது எதிராளியின் வாயிலிருந்து நீதிமன்றத்தில் வருவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் மனுதாரராக உங்கள் பெயர் போகக் கூடாது, உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வேறொருவர் முன்னே நிற்கட்டும்.

அந்தத் தடை உத்தரவு

தடை வந்தாலே எல்லாம் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சிவில் நீதிமன்றம் கொடுத்தது இடைக்காலத் தடை. மாநகராட்சி வழக்கறிஞர் வாய்தாவுக்கு வராமல் விட்டதால்தான் அது இத்தனை நாள் உயிரோடிருக்கிறது. உங்கள் சங்கம் அந்த வழக்கில் தங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி, சிவில் நடைமுறைச் சட்டத்தின் முதல் கட்டளை, 10-ஆம் விதியின் கீழ் மனுப் போடலாம். சேர்ந்தபின் தடையை நீக்கச் சொல்லியும் கேட்கலாம்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த வழக்கின் சான்றிட்ட நகலை வாங்கி, கடைசிப் பக்கத்தில் இருக்கும் சொத்து விவரத்தை மட்டும் படியுங்கள். நிறுவனம் தனக்குச் சொந்தமான பக்கத்துச் சர்வே நம்பருக்குத் தடை வாங்கிவிட்டு, சுவரை ஏரியின் நம்பருக்குள் கட்டியிருக்கலாம். இப்படி நடப்பது அபூர்வமில்லை. அப்படியென்றால் அந்தத் தடை அந்தச் சுவரைக் காப்பாற்றவே இல்லை, காகிதத்தை யாரும் படித்துப் பார்க்காததால்தான் அதிகாரிகள் கைகட்டி நிற்கிறார்கள். இதை நிரூபிப்பதும் அந்த அளவை வரைபடம்தான்.

எங்கே போவது

சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுதான் கர்நாடகாவுக்கும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய், நீங்களே வாதாடவும் இடமுண்டு. ஆனால் ஆறு மாதத்தில் இடித்துவிடுவார்கள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சட்டத்தில் வரும் ஆறு மாதம், நீங்கள் வழக்குப் போட வேண்டிய கெடு. 14-ஆம் பிரிவில் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் அறுபது நாள். சுவருக்கு அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் சுற்றுச்சூழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் 15-ஆம் பிரிவில் ஐந்து வருடம் அவகாசம். உங்களுக்கு இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது. வெறும் நில உரிமைத் தகராறாக எழுதினால் தீர்ப்பாயம் எங்கள் வேலை இல்லை என்றுவிடும். இடிபாடு கொட்டியது, நீர்வரத்து அடைபட்டது, தண்ணீர் கெட்டது என்பதெல்லாம் முன்னால் வர வேண்டும்.

என் விருப்பம் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு. பெங்களூரு ஏரிகளுக்காகக் கர்நாடக உயர் நீதிமன்றம் நீண்ட காலமாக உழைத்திருக்கிறது. 2008-ல் போடப்பட்ட ஒரு பொதுநல வழக்கில்தான் நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையில் குழு அமைந்து, ஏரிகளை அளந்து வேலி போடும் பேச்சே வலுப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் 2011 ஜனவரி ஜக்பால் சிங் தீர்ப்பும் உங்களுக்குத் துணை. பல வருடங்களாக இருக்கிறார்கள், நிறையச் செலவழித்துக் கட்டிவிட்டார்கள் என்பதெல்லாம் பொதுக்குளத்தை ஆக்கிரமித்ததற்கு நியாயமாகாது என்று அது சொல்கிறது. அதிகாரிகளுக்கு முன்பே மனு கொடுத்திருக்கிறீர்கள், பலனில்லை என்பதை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டியிருக்கும். இப்போது கொடுக்கப்போகும் ஒவ்வொரு மனுவுக்கும் முத்திரையிட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான். 2025 செப்டம்பரிலிருந்து பிபிஎம்பி என்ற பழைய ஒரே பெங்களூரு மாநகராட்சி இல்லை. ஐந்து மாநகராட்சிகள், மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். உங்கள் பகுதி கிழக்கு மாநகராட்சியில் வருகிறது. பழைய பெயருக்கு அனுப்பிய மனு யார் மேசையிலும் நிற்காது. மாநகராட்சி, ஏரி ஆணையம், மாவட்ட துணை ஆணையர் (கலெக்டர்), தாசில்தார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லோரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

நில அபகரிப்புச் சிறப்பு நீதிமன்றத்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் நேரடியாக மனுக் கொடுக்கலாம். ஆனால் அது சிறைத் தண்டனை தரக்கூடிய நீதிமன்றம். நிறுவனத்தைத் தவிர வேறு யார் பெயரையும் அங்கே எழுதாதீர்கள்.

மறுகரையில் இருப்பவர்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இதுதான். சுவரை மட்டும் எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டாலும், நிறுவனம் முதல் பதிலிலேயே அந்த முப்பது ஷெட்டுகளின் படத்தை வைக்கும். நீதிமன்றம் எல்லாரையும் அகற்று என்று ஒரே வரியில் உத்தரவிட்டால், ஜேசிபி முதலில் போவது ஷெட்டுகளுக்குத்தான். நிறுவனம் மேல்முறையீட்டுக்கு ஓடும், அந்தக் குடும்பங்களுக்கு ஓட இடமில்லை. 2024 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம், கட்டடத்தை இடிப்பதற்கு முன் பதினைந்து நாள் நோட்டீஸ் வேண்டும் என்று நல்ல தீர்ப்பொன்று கொடுத்தது. ஆனால் நீர்நிலை மேல் இருப்பவற்றுக்கும் நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஷெட்டுகள் இரண்டிலும் மாட்டும். இதைத் தெரிந்துகொண்டே மனு எழுத வேண்டும்.

அதனால் ஆட்களின் பெயரைக் குறித்து வழக்குப் போடாமல், ஏரியின் எல்லையை மீட்டுத் தா என்று கேளுங்கள். ஷெட்டுகளைப் பற்றி நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். அவர்களைக் கணக்கெடுத்து, குடிசை மேம்பாட்டு வாரியம் மூலம் மாற்றிடம் ஏற்பாடு செய்த பிறகே அகற்ற வேண்டும் என்று தனிக் கோரிக்கையாகவே வையுங்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2010-ல் சுதாமா சிங் வழக்கிலும் 2019-ல் அஜய் மாக்கன் வழக்கிலும் இதே வழியைச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். ஏரி நிலம் என்பதால் இதே இடத்தில் பட்டா கொடுக்கச் சொல்லிக் கேட்க முடியாது. அப்படி அவர்களிடம் நம்பிக்கை கொடுத்துவிடவும் வேண்டாம். தேர்தல் நேரத்தில் அந்த நம்பிக்கையை விற்பதற்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

வேலைக்கு வரும் அந்தப் பெண்ணிடம் நீங்களே பேசிவிடுங்கள். வழக்கு வரப்போகிறது என்பதை நோட்டீஸ் ஒட்டிய பிறகு அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் தாள் எதுவானாலும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்: ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ். கணக்கெடுப்பில் பெயர் ஏற வேண்டுமென்றால் இவைதான் கேட்பார்கள். அவர்கள் தங்கள் சார்பில் தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பணம் வேண்டாம், கீழே சொல்கிறேன்.

பயமும் செலவும்

பைக்கில் வந்த இரண்டு பேர் "டீச்சர், உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைய தேதி, நேரம், வண்டி எண் தெரிந்தால் அதையும் சேர்த்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். சுவர்ப் பக்கம் தனியாகப் போய்ப் படம் எடுக்க வேண்டாம். பழைய செயற்கைக்கோள் படங்கள் கூகுள் எர்த்தில் வருடவாரியாக இருக்கின்றன, வீட்டில் உட்கார்ந்தே எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசிப் படமோ இந்தப் படமோ, நீதிமன்றத்தில் வைக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று இணைக்க வேண்டும். வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். வாட்ஸ்அப் குழுவில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு 'ஏரித் திருடர்கள்' என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்குப் போட்டால், ஏரி வழக்கை விட்டுவிட்டு அதற்கு நீங்கள் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டியிருக்கும்.

சங்கம் பதிவு செய்யப்பட்டதென்றால் தீர்மானம் போட்டு அதன் பெயரிலேயே மனு போகட்டும். உங்கள் ஒரு பெயர் மட்டும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

செலவைப் பொறுத்தவரை, பெரிய வழக்கறிஞர்களுக்கு லட்சங்கள் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காக, ஓய்வூதியம் எவ்வளவு வந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. வழக்கில் முகாந்திரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சங்கத்தின் பெயரில் போட்டால் இது கிடைக்காது, சங்கத்தோடு நீங்களும் ஒரு மனுதாரராகச் சேர்வதானால் தனியாக விண்ணப்பிக்கலாம். மறுகரைப் பெண்களுக்கும் இதே உரிமை. தலித், பழங்குடிக் குடும்பங்களாக இருந்தால் ஆண்களுக்கும் உண்டு. பெங்களூருவில் உயர் நீதிமன்ற சட்டப்பணிக் குழுவிடம் விண்ணப்பம் கொடுங்கள். போகும்போது பஹணி, கிராம வரைபடம், நீங்கள் கொடுத்த மனுக்களின் ஒப்புகை, தடை உத்தரவின் நகல் நான்கையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். அளவை வரைபடம் கையில் வந்திருந்தால் அதை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.